பூஜ்யம்

கட்டபெட்டுக்குக் கீழே, ரோட்டோரத்
தேயிலை ஃபேக்டரியில்
எடைமேடை என்னுடையது.
எனக்கு முன்னால் இருந்தவர்
நானூறு கிராம் என்றால் காற்றுக்குக் கொடுத்துவிடுவார்.
மழை நாளில் ஈரக்கழிவு நூற்றுக்குப் பத்து,
வெயில் நாளில் பழக்கத்துக்குப் பத்து.
நான் வந்து
பதினெட்டு கிலோ நானூற்றைம்பது என்று எழுதியபோது
ஜோகி கவுடர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் வேறேதோ இருக்கும் என்பதுபோல.

அப்போது எனக்குப் பெயரில்லை.
புதுப்பொண்ணு. கூடலூர்க்காரி.
வாட்டுத் தொட்டி ஆட்களுக்கு வெறும் 'ஏ இந்தா'.
ஆறேழு மாதம் கழித்து
மேலே ரோலர் ரூமில் கணக்கு இடித்த ஒருநாள்
யாரோ கேட்டது இரும்புப் படிவழி இறங்கி வந்தது:
"லீலா எழுதினதா? அப்ப வேற எங்கயாவது பாரு."
அன்று மதியம்
சோறு இரண்டு கவளம் கூடுதலாய் இறங்கியது.

ஐப்பசியில்தான் அது நடந்தது.
சாரலில் ஓடிவந்து, குடையை மேடைமேல் சாய்த்துவிட்டு
பூஜ்யத்தை அழுத்தினேன்.
பிறகு குடையை எடுத்தேன்.
முந்நூற்றைம்பது கிராம் குடை.
தொண்ணூற்றாறு மூட்டை. நாற்பத்தொரு பேர்.
சாயங்காலம், மேடை காலியாகி
எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு நின்றபோதுதான்
பார்த்தேன்.

"முப்பத்திமூணு கிலோதானே,
மேகம் குடிச்சிருச்சுன்னு வெச்சுக்க" என்றார் மேனேஜர்.
கெட்டவர் இல்லை. களைத்திருந்தார்.
நான் சிவப்பு மையில் எழுதி
போர்டில் ஒட்டினேன். நாற்பத்தொரு பெயர்,
எதிரே தரவேண்டிய எடை,
அடியில் என் கையெழுத்து.

யாரும் தோளில் தட்டவில்லை.
"இன்னைக்கு மாட்டுச்சு, நேத்து?" என்றாள் பெள்ளியம்மா.
அதற்கு என்னிடம் பதிலில்லை.
இரண்டு மாதம்
எண்ணுக்கும் எனக்கும் நடுவே
தலைகள் நீண்டன. மப்ளர் சுற்றிய தலை,
குளிர்க்குல்லாய்த் தலை, மழைநீர் சொட்டும் தலை.
ஜோகி கவுடர் வீட்டிலேயே நிறுத்து
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தார்.
ரோலர் ரூமிலிருந்தும்
படிவழி எதுவும் இறங்கவில்லை.

தை முடியும் நேரம். உறைபனியில் கொழுந்து கருகி
வரத்தே இல்லாத காலை,
ஒவ்வொரு கிராமும் காசு.
போஜன் தன் ஒற்றை மூட்டையை மேடையில் போட்டான்,
பீடி பற்றவைக்கக் காற்றுக்கு மறைவாய்த்
திரும்பிக்கொண்டான்.
எண் ஓடியது, தயங்கியது, நின்றது.
அவன் திரும்பவில்லை.
"எழுதிட்டியா?" என்றான், ரோட்டைப் பார்த்தபடி.

போர்க்களத்தில் புறமுதுகு அவமானம் என்று
பள்ளிக்கூடத்தில் படித்தது.
ஸ்வெட்டர் நூல் பிரிந்த அந்த முதுகை
எழுதி முடித்த பிறகும்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
சம்பளச் சீட்டில் அதற்கு ஒரு கட்டமில்லை.

ஜோகி கவுடர் இன்னும் உள்ளங்கையோடுதான் வருகிறார்.
வரட்டும்.

ஏழு மணி லாரிக்கு முன்னால்
குடையை நாலடி தள்ளி ஆணியில் மாட்டுகிறேன்.
பூஜ்யத்தை அழுத்துகிறேன்.
ஜன்னல்வழி நுழைந்த மூடுபனியில்
சிவப்பாய் எரிகிறது.
இன்னொரு முறை அழுத்துகிறேன்.