வெட்டி வேர்

இந்த மலையில் அதை வெத்திவே என்கிறார்கள்.
கடைசி எழுத்து கடலில் விழுந்துவிட்டது.
மற்றபடி நம் சொல்தான்:
வெட்டு, வேர்.
பெயருக்குள்ளேயே பிக்காசு இருக்கிறது.

ஹைத்தியின் தெற்குக் கரை,
லே காய் நகருக்கு மேலே ஒரு சரிவு.
மிர்லாந்த் ஓங்கி இறக்குகிறாள்,
மலை சட்டையைப் போலக் கிழிகிறது.
ஒரு தூரை உதறினால் அரைக் கூடை மண்,
மிச்சம் தாடி மாதிரி வேர்.
பதினான்கு மாதம் பொறுக்க வேண்டிய பயிர்;
பள்ளிக் கட்டணம் ஒன்பதிலேயே வந்துவிட்டது.

கீழே கொப்பரையில் நாள் முழுக்க ஆவி.
பொதி பொதியாய் உள்ளே போனது
வெளியே வரும்போது ஒரு புட்டி,
தேன் நிறம், தேனைவிடச் சோம்பல்.
பெட்டியில் ஒட்டும் தாளில்
கண்மூடிய ஒரு பெண்.
"தூங்குறாளா, செத்துட்டாளா?"
ஆலைக் கணக்கர் ஒசேயா வாசித்துச் சொன்னார்:
நிம்மதிக்கு.
படுக்குமுன் மணிக்கட்டில் ஒரு துளி.

அன்று புனலில் ஒட்டியிருந்ததைத்
தலைத்துணி முனையில் துடைத்து முடிந்துகொண்டாள்.
களவுதான்.
நாத்தனார் கிளெர்சினாவுக்காக.
பூமி குலுங்கிய அந்த ஆகஸ்ட் காலைக்குப் பிறகு
கூரைக்குக் கீழே கண்மூடாதவள்;
முற்றத்துத் தார்ப்பாயில்
செருப்போடு படுப்பவள்.

முடிச்சை அவிழ்த்து மூக்கருகே பிடித்தாள்.
கிளெர்சினா இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.
"மண் வாசனை."
"நல்லதுதானே?"
"மண்ணைத்தான் நான் நம்புறதில்லையே."

சிரித்தார்கள், கட்டியிருந்த ஆடு
எழுந்து நகரும் அளவுக்கு.
சிரித்து முடித்தும் அவள் செருப்பைக் கழற்றவில்லை.
துணியைத் திருப்பித் தரவும் இல்லை.

மறுநாள் மிர்லாந்த்
நாற்றுக்கட்டில் மூன்று தூர் பிரித்து
தார்ப்பாய்க்குக் கீழ்ச்சரிவில் நட்டாள்.
மழை வந்தது.
பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு போயிற்று,
இந்த முற்றம் போகவில்லை.

பதினான்கு மாதம் ஆனது. பதினெட்டு.
பொதி வாங்க வந்தவன் அதைக் காட்டி
விலை சொன்னான். கொஞ்சம் ஏற்றிச் சொன்னான்.
கிளெர்சினா அந்தத் தூர்மேல் கால் நீட்டி
பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்,
வெறுங்கால்.

வெட்டி என்றால் சும்மா என்றும்
நம் பேச்சில் ஒரு பொருள் உண்டு.
அங்கே சும்மாதான் இருக்கிறது அந்த வேர்,
மண்ணைப் பிடித்துக்கொண்டு.