பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

நூறு கண்ணில் தொடங்கினேன்.
முப்பத்துநான்கில் நிற்கிறது.
யாரும் திருடவில்லை, எலி கடிக்கவில்லை.
வரிசைக்கு ஒன்றாய்த் தானே கழன்றுகொண்டு
செவ்வகமாக வேண்டிய போர்வை
முக்கோணமாகிக்கொண்டு வருகிறது.

சாப்பாட்டு இடைவேளையில் வைரேமு விரித்துப் பார்த்தான்.
"படகு எப்போ வாங்கினே?"
பாய் என்று நினைத்துவிட்டானாம்.
இறைச்சித் தொழிற்சாலையில், ஓடுகிற கொக்கி வரிசையில்,
நாளுக்கு ஆயிரம் ஆட்டுத்தொடை எண்ணி அனுப்புகிறவள் நான்.
என் கணக்கில் குறை வராது.

ஆகவே சனிக்கிழமை,
தென்துருவத்தில் ஏறி
வழியில் எங்கும் இறங்காமல் வந்த காற்றோடு
ஓமரு கடைவீதியின் பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தேன்,
குற்றவாளியைப் பையில் சுருட்டிக்கொண்டு.

கல்லாவில் டெஸ்மண்ட். ரக்பியில் உடைந்த மூக்கு.
குரோஷே என்றதும் மூக்காலேயே திசை காட்டினான்:
தோட்டக்கலைக்கும் இரண்டாம் உலகப்போருக்கும் நடுவே
ஒரு முழம்.

முதல் புத்தகம் அழகி.
அட்டையில் கடற்கரை, காற்றே படாத கூந்தல்,
உள்ளே முந்நூறு பூ.
எனக்குப் பூ வேண்டாம். ஓரம் வேண்டும்.

இரண்டாவது நியூயார்க்கில் அச்சானது, மூன்றாவது லண்டனில்.
லண்டன் இரட்டை என்கிற பின்னலை
நியூயார்க் ஒற்றை என்கிறது.
அதே ஊசி, அதே நூல், அதே முடிச்சு,
கடல் தாண்டினால் பாதியாகிவிடுகிறது.
தாண்டுகிறோம் என்று இரண்டு புத்தகமும் மூச்சுவிடவில்லை.
அவரவர் ஊர் அவரவருக்கு உலகம்.

நான்காவதை விரித்து வைத்துக் கையை எடுத்தேன்.
பட்டென்று மூடிக்கொண்டது.
இரண்டு கையும் நூலில் இருக்கும்போது
பக்கத்தை யார் பிடிப்பது, பூனையா?

ஐந்தாவது அசிங்கம்.
சாணிப்பச்சை அட்டை, சுருள்கம்பி முதுகு.
போட்ட இடத்தில் மல்லாந்து கிடந்தது.
எடுத்த எடுப்பிலேயே
ஒவ்வொரு பின்னலுக்கும் இரண்டு ஊர்ப் பெயரும், அருகருகே.
வண்ணமில்லை, வெறும் கோட்டுப்படம்;
ஊசி எந்த இழைக்கு அடியில் புகுந்து
எந்த இழையை இழுத்துக்கொண்டு வருகிறது என்று
சந்தேகத்துக்கு இடமில்லாத கோடு.
கடைசியில் சொல்லடைவு. விரலை இறக்கினேன்.
ஓரம், அலையடிப்பது.
ஓரம், சுருண்டுகொள்வது.
ஓரம், உள்ளே போய்க்கொண்டே இருப்பது: 112.

உள்ளே போய்க்கொண்டே இருப்பது!
யாரோ என் ஜன்னலில் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

வரிசை திரும்பும்போது போடுகிற மூன்று சங்கிலி
சேர்ந்து ஒரு கண்ணாம்.
அடுத்த வரிசை முடியும்போது
அதன் தலையிலும் ஊசி இறங்க வேண்டுமாம்.
நானோ அதை வெறும் படிக்கட்டு என்று எண்ணி
அறுபத்தாறு முறை தாண்டிப் போயிருக்கிறேன்.
பக்கத்து வெள்ளையில், பென்சிலில், யார் கையெழுத்தோ:
"அட நாசமே."

நின்ற இடத்திலேயே முக்கோணத்தை வெளியே இழுத்தேன்.
ஆமாம். விளிம்பெல்லாம்
யாரும் கண்டுகொள்ளாத சின்னச் சின்னத் தலைகள்.

டெஸ்மண்ட் நான்கு டாலர் என்றான்.
அட்டையை இன்னொருமுறை பார்த்து மூன்றாக்கினான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது:
படமெல்லாம் வலது கை.
நான் இடது.
கத்தி இடது, கரண்டி இடது, கதவை அறைவதும் இடது.

ஜாம் பாட்டிலில் சாய்த்து
அலமாரிக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தினேன் புத்தகத்தை.
எழுத்தெல்லாம் ஏதோ அந்நிய நாட்டு மொழி.
கை மட்டும் என் கை.

பழையதைப் பிரிக்கவில்லை;
வைரேமு படகு வாங்கட்டும்.
புது நூல். நூறு கண்.
திரும்பினேன், மூன்று சங்கிலி ஏறினேன்,
போன வரிசைப் படிக்கட்டின் தலையில் மறக்காமல் குத்தினேன்.
காற்று தகரக்கூரையைப் பெயர்க்கப் பார்த்தது.
இரவு பதினோரு மணிக்கு
விரல் வைத்து எண்ணினேன், உதட்டாலும் எண்ணினேன்.

நூற்றொன்று.

புத்தகத்தைக் கண்ணாடியிலிருந்து என் பக்கம் திருப்பினேன்.
ஓரம், வெளியே போய்க்கொண்டே இருப்பது:
113.