உறைக்காத மிளகாய்

இத்தாலியிலிருந்து கருமாத்தூர் மடத்துக்குத் திரும்பிய
சிஸ்டர் ஸ்தனிஸ்லா
செபப் புத்தகத்துக்குள் மடித்துக் கொண்டுவந்தது
பதினோரு விதை.
எனக்கு நாலு.
"ஒரே குடும்பத்துல நூறு வருசமா இருக்கிற விதை,
வேற எதோடயும் சேரவிடாதே" என்றார்,
பெண்ணை விடுதியில் விட வந்தவர் மாதிரி.

புரட்டாசியில் நட்டு
மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளித்து
இலை சுருளாமல் பார்த்ததில் மூன்று பிழைத்தன.
தை பிறக்கையில் தொங்கின
ஒரு சாண் நீளம், நுனியில் சின்ன முறுக்கு,
பார்த்தாலே மூக்கில் நீர் வரும் சிவப்பு.

பக்கத்துக் கொல்லை ஒச்சம்மா ஒன்றைக் கடித்தாள்.
காத்திருந்தாள்.
இன்னும் காத்திருந்தாள்.
"என்னடி இது,
மீசை வச்ச பச்சப்புள்ள."

உசிலம்பட்டிச் சந்தையில் கால் கிலோ போகவில்லை.
மிளகாய் என்றால் சண்டைக்கு வந்தார்கள்,
பழம் என்றால் சிரித்தார்கள்.

எனக்குத்தான் அது வேண்டியிருந்தது.
வயிற்றில் புண்.
பெரியாஸ்பத்திரியில் காரத்தை நிறுத்தி
இரண்டு வருசம்.
சோறு, மோர், இட்லி, மறுபடி சோறு;
என் தட்டு வெள்ளையடித்த சுவர்.

நல்லெண்ணெய் காய்ந்ததும் முழுசாகப் போட்டு
தோல் கொப்புளித்துச் சுருங்கும்வரை புரட்டி
மேலே கல்லுப்பு. அவ்வளவுதான்.
காம்பைப் பிடித்து இழுத்தால்
விதையும் சதையும் வாயோடு வந்துவிடும்,
சோற்றில் சிவந்த எண்ணெய் இறங்கும்.
முதல் நாள்
கை தானாகவே தண்ணீர்ச் செம்பைத் தேடியது.

விதைக்கு விட்ட செடிக்குக் கொசுவலை கட்டினேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் ஒச்சம்மாவின் சம்பா மிளகாய்,
பூவும் பிஞ்சுமாய்.
"மிளகாய்க்குமாடி சாதி பாக்குற?" என்றாள்.
பதில் சொல்லவில்லை.
முடிச்சை மட்டும் இன்னொரு தரம் இறுக்கினேன்.

அவள் வெள்ளாடு ஒரு நாள் வலையை இழுத்தது.
ஓட்டை பெரிசில்லை,
ஒரு தேனீ நுழையும்.

மறுவருசம் நாலு செடி.
மூன்று சாது.
நாலாவதும் அதே நீளம், அதே முறுக்கு.
வறுக்கும்போது இருமல்கூட வரவில்லை.
கடித்தேன்.
முதலில் இனிப்பு,
அந்த ஊர் இனிப்பு.
அப்புறம், அடித்தொண்டையில்,
கருமாத்தூர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு
ஜெலுசில் இரண்டு மூடி குடித்துவிட்டு
மிச்சத்தையும் தின்றேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து சிஸ்டர் கேட்டார்,
விதை பத்திரமா?
பத்திரம் என்றேன்.

பொட்டலம் இரண்டு இருக்கிறது.
ஒன்றின் மேல் இன்னும் பெயர் எழுதவில்லை.