அடைப்பு

தஞ்சாவூரில் ஏற்றிய உலர்பனி
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பாதி ஆவியாகிவிடுகிறது.
தெர்மாக்கோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
ஜெசிந்தா கண்டக்டரிடம் சொல்லிப் பார்ப்பாள்.
கேட் அவர் கையிலும் இல்லை.
போன வியாழன் நிலக்கரி ரயில், ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணிக்கொண்டு வந்து சொன்னாள்.

மிச்சத்தை அசிட்டோனில் கொட்டிக் கிளறுகிறேன்.
எழுபத்தெட்டு வேண்டும், பூஜ்யத்துக்குக் கீழே.
முள் அறுபதில் நின்றுகொள்கிறது.
அறுபதிலும் வளையம் மூடும்,
கைகள் தப்பான பக்கம் நீட்டியபடி.
கார்பன் மூன்று, நைட்ரஜன் ஒன்று,
ஒரே சைக்கிளில் நாலு பேர் போவதுபோல்
யாருக்கும் பிடிக்காத கோணம்.

சிறுகுடல் சுவரில் ஒரு புரதம்.
தின்ற கொழுப்பும்
கல்லீரல் பித்தத்தோடு கழித்த கொழுப்பும்
அந்த மதகு வழியேதான் உள்ளே ஏறுகிறது.
அதன் பள்ளத்தில் போய் உட்கார
ஒரு பலகை இழைக்கிறேன்,
மன்னார்குடியில், ஆறு வருடமாக.

ஒரு முனையில் ஃபுளோரின் வைத்தேன்,
கல்லீரல் மென்றுவிடாமலிருக்க.
மறுமுனையில் ஒரு ஹைட்ராக்சில்:
குடல் அதில் சர்க்கரை ஒட்டி அனுப்பும்,
கல்லீரல் பித்தத்தில் திருப்பி விடும்,
மறுபடி அதே மதகு.
ரத்தத்தில் ஊர் சுற்றப் போகாமல்
முறை வைத்துத் திரும்பும் மருந்து.
காகிதத்தில்.

காகிதத்தில் நாற்பத்தாறும் நல்ல பிள்ளைகள்.
பன்னிரண்டு கரையவே இல்லை.
பத்தொன்பதில் எலிக்குக் கல்லீரல் வீங்கியது.
முப்பத்தொன்று வேலை செய்தது,
மறுமுறை செய்யவில்லை.
காரணம் எழுத விட்ட பக்கம்
நோட்டில் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

பாமணியாற்று லஸ்கர் பக்கிரிசாமி
ஷட்டர் சாவியோடே ஒருநாள் உள்ளே வந்தார்.
சட்டைப் பையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு.
மொத்தம் இருநூற்று எண்பத்து நாலு.
"எண்ணெய்யே சேக்கறதில்லம்மா, எங்கேர்ந்து வருது?"
"உங்க கல்லீரலே செய்யுது.
அது வெளியே தள்றதைக் குடல் திரும்ப உறிஞ்சிடுது.
அதை அடைக்கத்தான் இந்த மருந்து."
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"எங்கிட்ட எல்லாரும் தொறக்கத்தான் சொல்வாங்க.
கடைமடைக்கு ஏறலேன்னா சட்டையப் புடிப்பாங்க.
அடைக்கணும்னு சம்பளம் வாங்குறது
நீங்க ஒரு ஆளுதான்."

நெஞ்சில் அடைப்பு வராமலிருக்க
வயிற்றில் ஓர் அடைப்பு என்றேன்.
அதுவும் பாதிதான் அடைக்கும்,
மீதி எப்படியும் கசியும்.
"முழுசா அடைக்கிற ஷட்டர நானும் பாத்ததில்ல" என்றார்.
பெரிய ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்த வேண்டாம்,
என்னுடையது எலியைத் தாண்டவே
இன்னும் எத்தனையோ வருடம் என்றதும்
சீட்டை நாலாக மடித்தார்.
"அதுவரைக்கும் ஆறு இருக்கணும்" என்றவர்
யாருக்கு இருக்கணும் என்று சொல்லவில்லை.

இன்று கேட் திறந்திருந்தது.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு
ஓடி வந்தாள் ஜெசிந்தா, துப்பட்டா வெள்ளையாகப் புகைய.
எழுபத்தெட்டு.
சிரிஞ்சின் ஒவ்வொரு சொட்டுக்கும்
நாற்பது வரை எண்ணினோம்.
இரவு பத்தரைக்குத் தட்டை
ஊதா விளக்கின் கீழ் வைத்தேன்.
ஒரே புள்ளி.
அதன் கீழே நிழல்போல் ஏதோ இருக்கிறது என்றேன்.
கீறல் என்றாள் அவள்.

நாற்பத்தேழு படிகமாக மறுக்கிறது.
குடுவையின் அடியில் தேன்போல் படுத்திருக்கிறது.
கண்ணாடிக் குச்சியால் சுவரைச் சுரண்டுகிறேன்.
கரன்ட் போனது.
வெளியே ஆற்றில் முறைத்தண்ணீர் வந்திருக்க வேண்டும்,
ஷட்டரில் மோதும் சத்தம்.
குச்சியின் நுனியில் ஏதோ நறநறத்தது.
"டார்ச் அடி, ஜெசிந்தா."
செல்போனைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.