இருபத்துமூன்று நிமிடம்

மொத்தமே இருபத்துமூன்று நிமிடம்.
அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஹெட்செட் மாட்டினால்
மலையில் ஏழாவது வளைவு திரும்புவதற்குள்
முடிந்துவிடும் எங்கள் ஆல்பம்.

கெமிஸ்ட்ரி மாஸ்டர் எங்கள் நாலு பேரையும்
கிழங்கு என்று திட்டி வெளியே நிறுத்தினார்.
அதையே பேண்டுக்குப் பேராக வைத்தோம்.
கிழங்கு.
லாரி லாரியாக அதுதானே போகிறது இந்த ரோட்டில்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு சேகோ மில்.
சீசன் இல்லாத மாதங்களில் குடோன் சும்மா.
மாதம் ஆயிரத்து இருநூறு, கரண்ட் தனி.
சுவரோரம் வெறும் சாக்கு அடுக்கி
முட்டை அட்டை ஒட்டி
மைக்கைக் குடைக்கம்பியில் கட்டினோம்.
என் டிரம்ஸ்மேல் எப்போதும் வெள்ளை மாவு,
ஓங்கி அடித்தால் புகை எழும்.
பெரிய மேடைகளில் இதற்கென்றே மெஷின் வைப்பார்களாம்.

சித்தேஸ்வரன் பாடுவான். பாடுவான் என்றால்
கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை கேட்பதுபோல.
ரெஜினால்டு கிட்டார், ஏற்காட்டுப் பையன்,
மாதா கோயிலில் கற்ற மூன்று கார்டை
மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டுவான்.
பேஸ் இம்தாது. நாலு தந்தியில் ஒன்று அறுந்து
ஐந்தாம் பாட்டிலிருந்து மூன்றுதான். யாருக்கும் தெரியாது.
இப்போது சொல்லிவிட்டேன்.

மூன்றாவது பாட்டு காதல் தோல்வி.
நாலு ரோட்டு டியூஷனில் ஒருத்தி
சித்தேஸை அண்ணா என்றாள்,
அது ஒரு நிமிடம் நாற்பது வினாடி.
உச்சிக்குப் போகையில் குரல் உடைந்து கோழியாகிவிடும்.
இன்னொரு முறை பாடலாம் என்றேன்.
கரண்ட் போயிருந்தது.

மற்றதெல்லாம் ஒரே விஷயம்: இந்த ஊர் வேண்டாம்.
ஐந்து ரோட்டு டிராபிக் வேண்டாம்,
டியூஷன் வேண்டாம்,
'பொண்ணா டிரம்ஸ் அடிக்குது?' என்று
எட்டிப் பார்க்கும் வாட்ச்மேன் வேண்டாம்,
ஜங்ஷனில் நின்று கிளம்பும் எல்லா ரயிலும்
எங்களை விட்டுவிட்டுப் போகிறது.

அந்த வரியை எழுதியவன் சித்தேஸ்.
ரயில் ஏறியது ரெஜினால்டு.

பெங்களூரில் கொரியர் கம்பெனி.
"ரெண்டுதானே பாக்கி, வேற யாரையாவது வெச்சு முடிங்கடா"
கிட்டாரை மில் வாசலில் சாய்த்துவிட்டுப் போனான்.
வேறு யாரையும் வைக்கவில்லை.
எட்டாவதில் அவன் இடம் அப்படியே இருக்கிறது,
பதினாறு எண்ணிக்கை, என் ஹைஹாட் மட்டும்,
தூரத்தில் விருத்தாசலம் பாசஞ்சர் ஹார்ன்.
கேட்டவர்கள் எல்லாம்
அந்த இடம்தான் சூப்பர் என்றார்கள்.
எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒன்பதாவதை முடிப்பதற்குள் கிழங்கு வந்துவிட்டது.
ஈரத்தோல் நாற்றம்,
பக்கத்துக் கொட்டகையில் அரவை மோட்டார்.
நிறுத்தச் சொல்ல முடியுமா, அவர்கள் மில்.
மோட்டார் வேகத்துக்கு நான் அடித்தேன்.
நான் தாளம் தப்பாத
ஒரே பாட்டு அதுதான்.

ஆல்பம் பேர் 'அரவை'.
பென்டிரைவில் போட்டு இருநூறு ரூபாய்.
அறுபத்தொன்று விற்றது. யார் வாங்கினார்கள்?
டியூஷன் சார் ஒன்று.
ஐந்து ரோட்டு ஜெராக்ஸ் கடை இரண்டு.
அந்த வாட்ச்மேன், மகளுக்கென்று, தவணையில்.
தட்டுவடை செட் போடும் அண்ணன் காசுக்குப் பதில்
ஒரு வாரம் நாலு பேருக்கும் செட்.
ரெஜினால்டு பங்கையும் இம்தாதே தின்றான்.
ஊரைத் திட்டி ஒன்பது பாட்டு,
ஊர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

மில் முதலாளி காரில் கேட்டாராம்.
எட்டுப் பாட்டையும் தள்ளித் தள்ளி விட்டு
ஒன்பதாவதில் சத்தம் கூட்டி
டிரைவரிடம் சொன்னாராம்:
"நம்ம மோட்டார்யா இது. பேரிங் போயிருக்கு, கேளு."

மறுநாளே மாற்றிவிட்டார்கள்.
அந்த இரைச்சல் இப்போது
மில்லில் இல்லை.