மூன்று குழல்கள் திரும்பி வந்தன

வெள்ளையப்பன் அவர்களே,
தேவகோட்டை பஸ் கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போனார்,
மூன்று குழல்கள், பழைய வக்கீல் நோட்டீஸில் சுற்றி.
"சரக்கு மட்டம்" என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள்.

கல்லுக்கட்டிக் கடை வெளிச்சத்தில்
மூடியைத் திருகினேன். அசையவில்லை.
துணி சுற்றிப் பல்லால் கடித்துத்தான் திறந்தது.
இவ்வளவு இறுக்கி யார் மூடச் சொன்னது?

சரக்கில் குறையில்லை.
மழைதான் உள்ளே போய்விட்டது.

போன ஐப்பசியில்
பொரித்த அப்பளம் இலைக்கு வருமுன்னே நமுத்துப்போன
ஏதோ ஒரு மத்தியானம்
ஒவ்வொன்றாய் எடுத்து முகர்ந்துவிட்டு
திரும்ப அடைத்திருப்பீர்கள்.
அன்றைய காற்று அங்கேயே மாட்டிக்கொண்டது.
அலுமினியம் மூச்சு விடாது.
அதை வைத்த இரும்புப் பெட்டியும் விடாது.
பத்திரக் கட்டுக்கு அடியில், இரண்டு பூட்டுக்குப் பின்னால்
சுருட்டு வேர்த்துக் கிடந்திருக்கிறது.

எண்ணெய் பூத்திருக்கிறது, நல்லதுதான் என்று
யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
பஞ்சு பஞ்சாய், பச்சை ஓரத்தோடு நின்றால் பூஞ்சை.
நெருப்பு வைக்கிற முனையிலேயே பிடித்துவிட்டது.
மூன்றையும் குப்பையில் போட்டேன்.

மீதி எட்டைக் காப்பாற்றலாம்.
மரப்பெட்டிக்கு மாற்றுங்கள்.
மூடிகளை அரைத் திருகு தளர்த்துங்கள்.
குழலுக்குள் இருக்கும் தேவதாருச் சீவலை எறியவேண்டாம்.
அரிசி போடாதீர்கள், அது உப்புச் சாடிக்கு.
ஈரப் பஞ்சு வைக்கிற யோசனையை யார் சொன்னாரோ
அவரிடம் சுருட்டைக் காட்டாதீர்கள்.

ஓர் ஈரமானி வாங்குங்கள்.
அது காட்டுவதை உடனே நம்பவேண்டாம்.
சோடா மூடியில் உப்பு, நாலு சொட்டுத் தண்ணீர்,
கூழாக வேண்டும், கரையக் கூடாது.
ஈரமானியோடு டப்பாவில் அடைத்து
ஒரு பகல் ஓர் இரவு விடுங்கள்.
எழுபத்தைந்து காட்டவேண்டும்.
எண்பது காட்டினால், அது ஐந்து பொய் சொல்கிறது.
எவ்வளவு பொய் என்று தெரிந்த சாட்சி
பரவாயில்லை, வைத்துக்கொள்ளலாம்.
அறுபத்தைந்தைத் தாண்டவிடாதீர்கள்.

இன்னொன்று. கேட்கக் கூடாதுதான்.
ஒரு குழலின் அடியில்
ஆணியால் கீறிய தேதிகளைப் பார்த்தேன்.
ஆறு தேதி. ஐந்து அடித்திருந்தது.
நம் பக்கத்தில் எந்தத் தேதி இப்படி அடிபடும் என்று
யாரும் விளக்கத் தேவையில்லை.
முப்பத்தொரு பங்கு வீடு,
இரண்டாம் கட்டில் சுவர் எழுமா எழாதா,
ஜட்ஜ் லீவு, வக்கீலுக்குக் காய்ச்சல், மறுபடி வாய்தா.
தீர்ப்பன்று பற்றவைக்க வாங்கியது
மூன்று மழை பார்த்துவிட்டது.

பதிலுக்கு இரண்டு அனுப்புகிறேன். மூன்று கட்டாது.
காசு வேண்டாம்.

உங்கள் பங்காளி ஆவிச்சி
நேற்று சாயங்காலம் கடைக்கு வந்தார்.
குழலோடு நான்கு வாங்கினார்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
மூடி, மரப்பெட்டி, உப்பு எல்லாம்
அவருக்கும் சொன்னேன். தலையாட்டினார்.
படி இறங்கியவர் திரும்பி வந்து
கடையில் ஓர் ஆணி கிடைக்குமா என்றார்.