எட்டாம் எண் பாதை

சாப்பாட்டு மேசையில் வரைபடம்.
சுருண்டுகொள்ளப் பார்க்கும் நாலு மூலைக்கும்
உப்பு ஜாடி, ஊறுகாய் பாட்டில், அவன் கைப்பேசி, என் முழங்கை.
நடுவில் கசங்கிய நீல ரிப்பனாக
ஆரே நதி.
பெயர் சொல்லும்போதெல்லாம்
ஆறே என்று விளிப்பதுபோலவே இருக்கிறது.
ஓல்ட்டனிலிருந்து பீல் வரைக்கும்
அதை எதிர்த்துக்கொண்டு போகவேண்டும் நாங்கள்.

இளம்பரிதிக்குக் கட்டம் போட்டுத்தான் யோசிக்க வரும்.
முதல் நாள் முப்பது கிலோமீட்டர்.
வாங்கன் ஊரில் கூரை வேய்ந்த மரப்பாலம்,
அதைத் தாண்டிப் படுக்கை,
தலைக்கு ஐம்பத்தெட்டு பிராங்க், காலை உணவு சேர்த்து.
இரண்டாம் நாள் பதினைந்துதான்,
சோலோத்தூர்னில் ஓய்வு.
மூன்றாம் நாள்
நாரைகள்.
அதற்கென்று தனிக் கட்டம்,
பக்கத்தில் நேரம்: 11.40.

அதுகளிடம் சொல்லிவிட்டாயா என்றேன்.
சிரிக்கவில்லை.
மழைக்கோட்டு இரண்டு
என்று அடுத்த வரியை வாசித்தான்.

பழுப்புக் கோடுகள் நெருங்கினால் ஏற்றம்,
விலகினால் சமவெளி.
யூரா மலைப் பக்கம் அவை
சீப்பில் சிக்கிய முடிபோலக் கிடந்தன.
நம் வழி அங்கே இல்லை என்று
என் விரலைப் பிடித்து ஆற்றோரத்துக்கு நகர்த்தினான்.

எட்டாம் எண் பாதை அது.
வானநீலச் சதுரத்தில் எட்டு என்று எழுதி
திருப்பம்தோறும் நட்டிருக்கிறார்களாம்.
அவன் எட்டாம் பாதை என்றதெல்லாம்
எனக்கு எட்டாப் பாதை என்றே கேட்டது.

எட்டுக்கும் எனக்கும் ஆகாது.
கரூர் ஆர்.டி.ஓ. மைதானத்தில்
இரண்டு முறை எட்டு போடப் போய்
இரண்டு முறையும் மூன்று போட்டு விழுந்தவள்.
சைக்கிளே வராதவளை ஸ்கூட்டியில் ஏற்றினால்?
பெண் பார்க்க வந்தவர்கள்
சமையல் வருமா என்றார்கள், இந்தி வருமா என்றார்கள்,
சைக்கிள் வருமா என்று ஒருவர் கேட்டிருக்கலாம்.
ஜனவரியில் இவன்
"சைக்கிளில் போவோமா?" என்றபோது
"ம்" என்றேன்.
எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று பொருள்.

அதிலிருந்து ஆறு ஞாயிறு.
இந்த நாட்டில் அன்றைக்குக் கடை திறப்பதில்லை;
நாற்காலி விற்கும் கடையின் பார்க்கிங்
எனக்கும் காக்கைகளுக்கும்.
ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை அர்பெனீத்தா
தயிர் டப்பாக்களைக் கவிழ்த்து எட்டு வரைவாள்.
முதல் வாரம் ஏழு டப்பா நசுங்கியது.
நாலாம் வாரம் இரண்டு.
சீட்டைப் பிடிக்கவே மாட்டாள். எதிரே நின்று
"சக்கரத்தைப் பார்க்காதே, என்னைப் பார்" என்று
அவள் ஜெர்மனில் கத்துவாள்,
நான் என் ஜெர்மனில் விழுவேன்.

முழங்காலில் காய்ந்த பொருக்குக்கு
வீட்டில் சொன்ன காரணம், படிக்கட்டு.

இன்றிரவு மேசையை ஒழிக்கும்போதுதான் பார்த்தேன்,
ஊறுகாய் பாட்டிலுக்கு அடியிலிருந்து தொடங்கி
ஆற்றோரமாகவே
பென்சிலில் ஆறு சின்ன வட்டங்கள்.
ஆர்பூர்க். முர்கன்டால். வாங்கன்.
எல்லாம் ரயில் நிலையங்கள்.
கட்டம் போட்ட தாளில் இவை இல்லை.
எறும்பு எழுத்தில் ஒவ்வொன்றின் அருகிலும்
"இங்கே வண்டியோடு ஏறிக்கொள்ளலாம்."

உள்ளே பல் தேய்க்கும் சத்தம்.

நாங்கள் குடியிருப்பது தரைத்தளம் என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேட்கவில்லை.
ரப்பரைத் தேடி எடுத்து
ஆர்பூர்க்கை அழித்தேன்.
வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர்,
அது வரைக்கும் போய்விடுவேன்.
மற்ற ஐந்தும் இருக்கட்டும்.

பிறகு பேனாவை எடுத்து
நாரைகளின் கட்டத்தில்
11.40ஐ அடித்துவிட்டு
2.15 என்று எழுதினேன்.